மதுவிலக்கும் மனையறமும்: சின்னாளப்பட்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

'குடி' என்னும் ஒரு சொல் தமிழில் இரு வேறு பொருள் தந்து நிற்கின்றது. குடும்பத்தையும் அது பிறந்த மரபையும் குறிப்பது ஒன்று. பருகுதலையும், சிறப்பாகக் கள் முதலியன பருகுதலையும் குறிப்பது மற்றொன்று. முன்னையதிலிருந்து குடிமை, குடித்தனம், குடியானவர் என்னும் சொற்கள் கிளைத்தன. பின்னையதிலிருந்து குடியன், குடிவெறி என்பன வந்தன. இரண்டும் ஒரே வேரினவா என்பது சொல்லாராய்ச்சியாளர் முடிவு செய்யவேண்டுவது. அதனுள் நாம் புகவில்லை. ஆயினும், 'குடி குடியைக் கெடுக்கும்' என்று மக்கள் வழங்கும் தொடரில் இவ்விரு பொருளும் எதிரெதிர் நிற்றலை நோக்குதல் வேண்டும். கெடுவது குடும்பம் என்பதை ஊரார் அனைவரும் ஒப்புவர். அங்ஙனமாயின், மருந்தும் மீட்பும் குடும்பத்தை நோக்கி, குறைந்த அளவு கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே நோக்கிச் சென்றிருத்தல் வேண்டும். சென்றனவா? கடந்த நூறாண்டுத் தமிழக வரலாற்றை இக்கேள்வியோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குச் சின்னாளப்பட்டி என்னும் நெசவூரை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

முதற்கண் பழைய நூல்களை ஒரு சிறிது நோக்குவோம். சங்கச் செய்யுட்களில் கள்ளும் தேறலும் பழிக்கப்பட்ட பொருள்கள் அல்ல. புறநானூற்றில் அதியமானைக் குறித்து ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, பெண்பாற் புலவர் ஒருவர் கள்ளருந்தியதை மறைவின்றிக் கூறுகின்றது. கள்ளுண்டலைத் தனியதிகாரம் வகுத்து விலக்கியவர் திருவள்ளுவர். பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக நிற்கும் கள்ளுண்ணாமையில், பெற்ற தாய் ஒருத்தி வருகின்றாள்; நாண் என்னும் பண்பும் நல்லாள் ஒருத்தியாக உருவகிக்கப்பட்டுக் குடிப்பவனுக்குப் புறங்காட்டிச் செல்கின்றாள். மனைவி அவ்வதிகாரத்துள் யாண்டும் வரவில்லை. வாழ்க்கைத் துணைநலம் அறத்துப்பாலில் உளது. கள்ளுண்ணாமை பொருட்பாலில் உளது. இரண்டற்கும் இடையே நெடுந்தொலைவு. இதனைக் குறையென்று கூறுதல் நம் கருத்தன்று. குடித்தவனோடு அவனைத் தனியே நிறுத்திப் பேசும் மரபு தமிழில் நெடுங்காலத்தது என்பதை மட்டும் ஈண்டுக் குறித்து மேற்செல்வோம்.

சின்னாளப்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழிக்கு அணித்தாய், சிறுமலைக்கு மேற்கே பரந்த சமவெளியில் அமைந்த பேரூர். தேவாங்கர் முதலாய நெசவாளர் வாழும் ஊர். செயற்கைப் பட்டிழையால் நெய்த சேலைகளாலும், பின்னர்ச் சுங்குடிச் சேலைகளாலும் இதன் பெயர் தமிழகம் எங்கும் பரவிற்று. உண்மைப் பட்டு வாங்க இயலாத வீடுகளில் 'சின்னாளப்பட்டு' திருமணச் சேலையாகவும் நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று கைத்தறி அருகிவிட்டது. விசைத்தறியும் பிற தொழில்களும் அவ்விடத்தைக் கொண்டன. எனினும் நாம் கூறப்புகுவது கைத்தறி வீட்டின் அமைப்பைச் சார்ந்தது ஆதலின், அதனைச் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும்.

குழித்தறியில் அமர்ந்து நாடா எறிபவர் பெரும்பாலும் ஆடவர். ஆனால் அவர் கைக்கு ஊடைநூல் வந்து சேரும்வரை நிகழும் வேலைகள் பல. சிட்டத்து நூலைப் பிரித்தல், ராட்டையில் தார் சுற்றுதல், அறுந்த இழையைப் பிணைத்தல், தெருவில் பாவு நீட்டும்போது உடன்நின்று கோல் பிடித்தல் ஆகிய இவற்றைச் செய்பவள் மனைவி. தார் தீர்ந்தால் நாடா நிற்கும். நாடா நின்றால் தார்க்குத் தேவையில்லை. இவ்வளவு உழைப்பிற்கும் தனிக்கூலி இல்லை. சேலை முடிந்து பாவும் நூலும் கொடுத்த முதலாளியிடம் ஒப்படைத்தபின் வரும் கூலி, நெய்தவர் பெயரில் ஒரே தொகையாய் வரும். பெண்ணின் பங்கு அதனுள் கரைந்துகிடக்கும். அன்றியும், பல தறிகாரர் முதலாளியிடம் முன்பணம் பெற்றிருப்பர். முன்பணம் தீருமட்டும் தறி ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்.

ஆகவே தறிவீட்டில் கணவன் மனைவி என்பார் உறவால் மட்டும் இணைந்தவர் அல்லர். ஒரே கருவியின் இரு பகுதியர். வயற்கூலி செய்யும் வீட்டில் கணவன் ஒரு திங்கள் படுக்கையில் கிடந்தாலும் மனைவி களையெடுக்கச் சென்று அரைவயிற்றுக் கஞ்சிக்கு வழி செய்வாள். தறிவீட்டில் அவன் எழுந்து சென்றால் அவள் வேலையும் அன்றே நின்றுவிடுகின்றது.

இதனை நாம் நூலிற் படித்தறிந்தோம் அல்லோம். அவ்வூரில் முதிய அம்மையார் ஒருவர் தம் வாழ்வில் நிகழ்ந்ததை எம்மிடம் கூறினார். 1990ஐ ஒட்டிய ஆண்டுகள்; அவர் கணவர் சாராயத்திற்கு முற்றும் ஆட்பட்டிருந்தார். உறவினர் முயன்று தொலைவிலுள்ள நகரொன்றில் குடிநோய் மருத்துவம் செய்யும் இல்லத்தில் சேர்த்தனர். முப்பது நாள் இருத்தல் வேண்டும் என்றனர். மனைவி உடன் தங்க இடமில்லை. ஞாயிறுதோறும் வந்து காணலாம். அம்மையார் ஊர் திரும்பினார். தறி நின்றது. முதல் வாரம் அரிசி கடனாகக் கிடைத்தது. இரண்டாம் வாரம் முதலாளியின் ஆள் வந்து, பாவைக் கழற்றி வேறு வீட்டிற்குக் கொடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டான். பன்னிரண்டாம் நாள் அம்மையாரே பேருந்தேறிச் சென்று கணவரை அழைத்து வந்துவிட்டார். "அவருக்கு முப்பது நாளும் அங்கே சோறு போட்டிருப்பார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் யார் போடுவார், ஐயா?" என்று அவர் கேட்டபோது எம்மிடம் விடை இல்லை. அக்கணவர் ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஈரல் கெட்டு இறந்தார். நல்லவனாகிக்கொண்டிருந்தவனை இழுத்து வந்து கெடுத்தவள் இவளே என்று கணவர் வீட்டார் இன்றும் கூறுவதாக அம்மையார் சொன்னார். அவ்வில்லத்தின் பதிவேட்டில் அந்நாள் எவ்வாறு எழுதப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்: அறிவுரையை மீறி வெளியேறியவர். தறி நின்றதற்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை.

இனிச் சட்டத்தின் வரலாற்றைக் காண்போம். தமிழகத்துக் கள்ளுக்கடை மறியலில் மனைவியர் முன்னிற்கும் முதற்காட்சி 1921இல் ஈரோட்டில் தோன்றுகின்றது. பெரியார் ஈ.வெ.ராமசாமி அவர்களின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கடைமுன் நின்றனர். 1937இல் முதலமைச்சர் இராசகோபாலாசாரியார் மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் அதனை முதன்முதல் நடைமுறைப்படுத்தினார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனைவரி பிறந்தது. இப்போது கடைதோறும் நாம் செலுத்தும் வரியின் மூதாதை மதுவிலக்கே என்பது பலர் அறியாதது. போர்க்காலத்தில் தளர்ந்த அச்சட்டம், விடுதலையை ஒட்டி மீண்டும் படிப்படியாக விரிந்து, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதையும் தழுவிற்று. அக்கால மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த சின்னாளப்பட்டியும் அதனுள் அடங்கும்.

அக்காலப் பேச்சுக்களிலும் அறிக்கைகளிலும் மனைவி இடையறாது வருகின்றாள். அவள் கண்ணீர் மதுவிலக்கிற்குச் சான்று. அவள் முகமலர்ச்சி அதன் வெற்றிக்குச் சான்று. ஆனால் சட்டத்தின் கையில் அகப்பட்டபோது நிகழ்ந்தது வேறு. குடித்தலே குற்றம் ஆதலின், பிடிபட்டவன் தண்டம் கட்டவேண்டும், இன்றேல் சிறை செல்லவேண்டும். தண்டப்பணம் எவ்வீட்டுப் பெட்டியிலிருந்து, எவள் காதணியிலிருந்து வரும்? மதுவிலக்கை நாம் குறைகூறுகின்றோம் என்று எண்ணற்க. கடை இல்லாமை பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தது என்பதில் ஐயமில்லை. கடையை மூடுதலும் நோயைத் தீர்த்தலும் இருவேறு பணிகள் என்பதும், முன்னையதைச் செய்த அரசு பின்னையதை நெடுங்காலம் தன் கடமையெனக் கொள்ளவில்லை என்பதுமே நாம் கூறுவன.

அடுத்து வந்தவை யாவரும் அறிந்தவை. 1971 ஆகஸ்டு 30இல் மதுவிலக்கு விலக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றிற்று. 1987இல் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன, 1990இல் மலிவு மது வந்தது, 1991இல் சென்றது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கைக்கு வந்தது. 2023-24ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இவ்வேற்றத் தாழ்வுகளில் கடை எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதைத் தேதியோடு கூறிவிடலாம். குடிநோயாளி ஒருவர் தம் மனைவியுடன் சென்று மருத்துவம் பெறும் இடம் தமிழகச் சிற்றூர்களில் எப்போது திறந்தது என்று கேட்டால், அவ்வாறு எளிதிற் கூற இயலாது.

மருத்துவத்தின் வரலாறும் இதனின் வேறுபட்டதன்று. மேலைநாடுகளில் 1935இல் குடியை விட முயல்வோர் தம்முள் கூடும் குழு அமெரிக்காவில் தோன்றிற்று. அதன் நிறுவனர் ஒருவரின் மனைவி, கணவர் கூடிப் பேசும் நேரத்தில் வெளியே காத்திருந்த மனைவியரைத் திரட்டி, 1951இல் குடும்பத்தாருக்கெனத் தனிக்குழு அமைத்தார். அதாவது, மனைவியர்க்கு வழிசெய்தவர் ஒரு மனைவியே; மருத்துவர் அல்லர். மருத்துவத் துறையும் உளநலத் துறையும் அவ்வாண்டுகளில் என்ன செய்தன? 1953இல் தெல்மா வேலன் என்னும் சமூகப் பணியாளர், குடிப்பவரின் மனைவியரை நால்வகைப்படுத்திப் பெயரிட்டு எழுதினார். துன்பத்தை நாடும் சூசன், அடக்கியாளும் கேதரின், ஊசலாடும் வினிஃபிரெட், ஒறுக்கும் பாலி என்பன அவை. கணவன் குடித்தற்கு மனைவியின் மனக்கோணலே துணை என்பது அதன் உட்கருத்து. அடுத்த ஆண்டே ஜோன் ஜாக்சன் என்னும் அறிஞர், அம்மனைவியரோடு நெடுநாள் பழகி ஆராய்ந்து, அவர்தம் நடத்தை இயல்பிலேயே கோணியது அன்று, நெருக்கடி மேல் நெருக்கடி வர அதற்கேற்பக் குடும்பம் தன்னை மாற்றிக்கொள்ளும் படிநிலைகளே அவை என்று காட்டினார். முன்னவர் கருத்து அறிஞர் நூல்களிலிருந்து மறைந்தது. நம் ஊர்த் திண்ணைகளிலிருந்து அஃது இன்னும் மறையவில்லை. மேலே கூறிய அம்மையாரின் கணவர் வீட்டார் வேலனைப் படித்தவர் அல்லர்.

1948இல் டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் ஹால்டு, ஜேக்கப்சன் என்போர் டைசல்ஃபிராம் என்னும் மருந்தின் பயனைக் கண்டனர். இதனை உண்டவர் மதுவருந்தின் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து வருந்துவர், அவ்வச்சத்தால் குடியாதிருப்பர். நாள்தோறும் அம்மாத்திரையைக் கண்முன் விழுங்கச் செய்யும் பணி பல இடங்களில் மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கேதான் மருத்துவம் மனைவியை முதலில் உள்ளே அழைத்தது, அதுவும் காவலாளாக. கணவனுக்குத் தெரியாமல் சோற்றிற் கலந்து கொடுக்கும் பொடிகள் என்று நம் நாட்டில் விளம்பரம் செய்து விற்கப்படுவனவும் இவ்வழியின் கேடான கிளையே. அறியாமல் டைசல்ஃபிராம் உண்டவன் குடித்தால் குருதியழுத்தம் வீழ்ந்து உயிர்க்கே இடர் வரலாம். பிறகு, 1970ஆம் ஆண்டுகள் தொடங்கி, மெக்ரேடி, ஓஃபேரல் முதலிய அறிஞர் கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே இருத்தி மருத்துவம் செய்யும் முறையை வகுத்தனர். நாளொன்றுக்கு ஒருமுறை, 'இன்று குடியாதிருப்பேன்' என்று அவன் கூற, அவள் அதனை ஏற்று நன்றி கூறி, பழம்பகையை அந்நாள் எடுத்துப் பேசாதிருப்பது அம்முறையின் ஓர் உறுப்பு. இருவர்க்கும் பணி உண்டு. இருவர்க்கும் செவிசாய்ப்பும் உண்டு. அதற்கு வேண்டுவது வாரம் ஒருமுறை எனப் பல வாரம் இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்லுதல். தறியை நிறுத்திவிட்டு, பிள்ளையை அயலாரிடம் விட்டுவிட்டு, இருவர் பேருந்துக் கட்டணம் கொடுத்து மதுரைக்குச் செல்லும் தம்பதியர் எத்தனை வாரம் செல்வர்?

சிற்றூர்த் தம்பதியரை அவர் வீட்டிலேயே சென்று காணுதல் அரசுக்கு இயலாத செயல் என்று யாரேனும் கூறின், அதற்கு விடை சின்னாளப்பட்டிக்கு அண்மையிலேயே உள்ளது. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். அதன் கஸ்தூரிபா மருத்துவமனை தாய்சேய் நலத்தை முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடி நலவாழ்வுத் திட்டம் ஒன்று தொடங்கி, 1964இல் ஊரக நலவாழ்வுக்கும் குடும்ப நலத்திற்குமான நிறுவனமாக உருப்பெற்றது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியில் ஆத்தூர் வட்டாரத்தின் பட்டறிவு பிறநாட்டு அறிஞரும் அறிந்தது. அத்துறையினர் கைக்கொண்ட கருவிகளுள் ஒன்று 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேடு. பிள்ளைப்பேறு வயதுடைய ஒவ்வொரு தம்பதியர் பெயரும், அவர் பிள்ளைகள் எத்தனை என்பதும் அதில் ஏறின. செவிலியர் வீடுவீடாகச் சென்றனர். மனைவியிடம் பெண் பணியாளர் பேசினார். கணவனிடம் ஆண் பணியாளர் பேசினார். பேசக் கூசும் பொருளை ஊரறியப் பேசும் பொருளாக்கினர்.

எனவே, அரசு விரும்பியபோது தம்பதியரை ஓர் அலகாகக் கொண்டு அணுகியது. அதற்கு ஏடும் ஆளும் முறையும் கண்டது. குடியைப் பொறுத்தவரை அத்தகைய ஏடு ஒன்று திறக்கப்படவில்லை. பிறப்பைக் குறைத்தலை நாட்டின் சிக்கல் என்றும், குடியை அவனவன் ஒழுக்கக்கேடு என்றும் கொண்டமையே காரணம் என்று நாம் கருதுகின்றோம். வருவாயும் ஒரு காரணம் என்பாரை மறுக்கவும் நமக்குத் துணிவில்லை.

தம்பதியரை நோக்கிய மருத்துவம் தமிழகத்தில் பிறந்தது அரசின் கையால் அன்று. தம் கணவரைக் குடிநோய்க்கு இளவயதிலேயே பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். டி.டி.கே. மருத்துவமனை என்று அஃது அறியப்படுகின்றது. அங்கு மனைவியர்க்குத் தனியே வகுப்பும் அறிவுரையும் உண்டு. அவர் கேட்போராக மட்டும் இருப்பதில்லை, தம் சினத்தையும் அச்சத்தையும் கூறி ஆறுதல் பெறுவர். அமெரிக்காவிற் போலவே ஈண்டும் இவ்வழியைத் திறந்தவர் ஒரு மனைவியே என்பது தற்செயல் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை. 1992இல் இவ்வம்மையார்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது இந்நிறுவனம் 1989இல் மஞ்சக்குடியில் நடத்திய முகாம். மஞ்சக்குடி அப்போது தஞ்சை மாவட்டத்தது. இப்போது திருவாரூர் மாவட்டத்தது. நோயாளர் நகருக்கு வருதற்கு மாறாக மருத்துவரும் செவிலியரும் அறிவுரையாளரும் சிற்றூருக்குச் சென்றனர். உள்ளூர் அமைப்பு ஒன்று இடந்தந்து துணைநின்றது. முகாம் 15 நாள். மனைவியரும் பிற குடும்பத்தாரும் முகாமிற்கே வந்து பங்குகொண்டனர். முடிந்தபின் அவ்வூருக்கே திரும்பத்திரும்பச் சென்று நலம் கேட்டனர். செலவு குறைவு, இடைவிலகுவோரும் குறைவு. இம்முறை பின்னர்ப் பல ஊர்களுக்குச் சென்றது. இதில் வியத்தற்குரிய கருவியோ மருந்தோ யாதும் இல்லை. 30 நாளை 15 ஆக்கியதும், ஊரைவிட்டுப் பிரியாமல் செய்ததும், மனைவியை வாயிலில் நிறுத்தாமையுமே அதன் புதுமை.

ஆயினும் தம்பதியர் மருத்துவம் யாவர்க்கும் பொருந்தும் என்று கூறிவிடல் ஆகாது. இரண்டு தடைகளை ஈண்டு ஆராய்தல் வேண்டும். ஒன்று அடி உதை. குடித்து வந்து அடிக்கும் கணவனோடு மனைவியை ஒரே அறையில் இருத்தி மனம்விட்டுப் பேசுக என்றால், அவள் அங்குப் பேசியதற்கு அன்றிரவு வீட்டில் விடை கிடைக்கும். இம்முறையை வகுத்த மேலைநாட்டு அறிஞரே கொடிய வன்முறை நிகழும் வீடுகளுக்கு இது தகாது என்று விலக்கினர். அத்தகையோளுக்கு முதலில் வேண்டுவது காவல். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கு வழி செய்கின்றது. ஆனால் அச்சட்டத்தின் அலுவலரும் குடிநோய் மருத்துவரும் ஒருவரையொருவர் அறியாமல் பணியாற்றுவாராயின், அவள் இருவரிடமும் பாதிக்கதையே கூறி நிற்பாள். அடிக்கும் கணவனைத் திருத்தி அவளிடமே ஒப்படைக்கும் ஆர்வத்தில், பிரிந்து வாழ விரும்பும் மனைவியைத் தம்பதியர் மருத்துவம் என்னும் பெயரால் கட்டிப்போடுதலும் கூடாது.

மற்றொன்று, குடிப்பவள் மனைவியாகவும் இருக்கக்கூடும் என்பதை ஏற்க மறுக்கும் மனநிலை. 2019இல் நடுவண் அரசு வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதிற்கு உட்பட்ட ஆடவருள் 100க்கு 27.3 பேரும் பெண்டிருள் 1.6 பேரும் மதுவருந்துவோர். எண் சிறிது என்பதால் இடமும் இல்லாது போயிற்று. குடிநோய் இல்லங்கள் பெரும்பாலும் ஆடவர்க்கே உரியன. கணவனும் மனைவியும் இருவருமே ஆட்பட்ட வீட்டில், அவன் ஓரிடமும் அவள் பிறிதோரிடமும் தேடவேண்டும். அவளுக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைப்பினும் பிள்ளைகளை யார் காப்பது? அவன் தெளிந்து வந்து அவள் தெளியாதிருப்பின், சில நாளில் இருவரும் பழைய நிலை அடைவர். கள்ளக்குறிச்சியை அடுத்த கருணாபுரத்தில் 2024 ஜூனில் நச்சுச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, மாண்டோருள் பெண்டிரும் இருந்தனர். கணவனும் மனைவியும் ஒருங்கே இறந்து பிள்ளைகள் தனித்துவிடப்பட்ட வீடும் அவ்வூரில் உண்டு. அரசு இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கிற்று. தம்பதியரை ஓர் அலகாக அவ்வேளையில் நாடு கண்டது; அப்போது அவர் இருவரும் இல்லை. திண்டுக்கல் புகையிலைக்கும் சுருட்டுக்கும் பெயர்பெற்ற ஊர். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பெண்டிரை நாம் போதைக்கு ஆட்பட்டோர் என்று எண்ணுவதே இல்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அதே 2019ஆம் ஆண்டு ஆய்வு பிறிதொன்றும் கூறுகின்றது: மதுவிற்கு அடிமையானோர் 38 பேருள் ஒருவரே ஏதேனும் ஒரு வகை மருத்துவம் பெறுகின்றார், உள்ளிருந்து மருத்துவம் பெறுபவர் 180 பேருள் ஒருவர். இவ்வெண்கள் நோயாளரைத் தனித்தனியாக எண்ணியவை. தம்பதியராக மருத்துவம் பெற்றோர் எத்தனை பேர் என்று அவ்வாய்வு கேட்கவில்லை. கேட்கப்படாத கேள்வி பதிவேட்டிற் கட்டமாவதில்லை. கட்டம் இல்லாத பொருளுக்குப் பணம் ஒதுக்கப்படுவதில்லை.

நிலைமை முற்றும் மாறாதிருக்கின்றது என்பதும் உண்மையன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது முதலிய போதைப்பொருள்களால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டது. மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே காப்பீடு தருதல் வேண்டும் என்றது. 2022இல் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரைக்குச் செல்லவேண்டிய தொலைவு இதனால் சின்னாளப்பட்டியார்க்கு நான்கில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்துள்ளது. தொலைவு குறைந்தது, நின்ற தறிக்கு விடை இன்னும் வேண்டும். உள்ளிருந்து மருத்துவம் பெறும் நாட்களுக்கு இழந்த கூலியைத் தருதல் அதற்கு ஒரு வழி. மகப்பேற்றிற்கும் காசநோய்க்கும் பணவுதவி தரும் அரசுக்கு இது புதிய கொள்கையும் அன்று. காசநோயாளிக்குத் தருவது உணவிற்காக. இவர்க்கும் வேண்டுவது அதுவே. அத்தொகை மனைவியின் கணக்கிற்குச் செல்லுதல் நன்று என்று நாம் சொல்லவேண்டுவதில்லை.

மற்றொரு வழியை எமக்குக் கூறியவர் மேற்குறித்த அம்மையாரே. மஞ்சக்குடி முகாமைப் பற்றி நாம் விளக்கியபோது அவர் முதலிற் கேட்டது எந்த மாதத்தில் நடத்தினர் என்பதே. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தெருவில் பாவு நீட்ட இயலாது, பசை காயாது, குழித்தறியில் நீர் ஊறும். அந்நாட்களில் நெசவு தானே நின்றுவிடும், முதலாளியும் கேட்கமாட்டார், கூலி போயிற்று என்ற பேச்சும் இராது என்றார். அப்பதினைந்து நாள் இருவரும் போய் இருந்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு, ராட்டை இருந்த மூலையைப் பார்த்தார். ராட்டையை விற்றுப் பல ஆண்டுகள் ஆயின என்றும், மகன் விசைத்தறிக்குப் போகின்றான் என்றும், அங்கே மழைக்கும் தறி நிற்பதில்லை என்றும் பின்னர்க் கூறினார்.